வெள்ளை ஈயைத் தாங்கும் ரகமா, மஞ்சள் நோயைத் தாங்கும் ரகமா? உளுந்து, சோயா போடுபவர்கள் வாருங்கள்

கோரையாறு:
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் வயல். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண்ணில் ஈரம் பார்த்து உளுந்து தெளிப்பது தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. நெடுங்காலம் ஆடுதுறை 3 ரகம்தான். வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நோய் தாங்க முடியாமல், போன தையில் கடையில் கேட்டேன். "வெள்ளை ஈ எதிர்ப்பு ரகம், கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்று வம்பன் 8 கொடுத்தார்கள்.

சரி, போட்டோம். பயிர் நன்றாகவே வந்தது. ஆனால் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. காலையில் செடியைத் தட்டினால் ஈ புகை மாதிரி எழும்புகிறது. இலையைத் திருப்பினால் அடியில் குஞ்சும் முட்டையுமாக அப்பிக் கிடக்கிறது. அப்படியும் செடி பச்சையாக நிற்கிறது! பக்கத்து வயலில் பழைய ரகம், ஈ இதே அளவுதான், பூக்கிற நேரத்தில் வயல் முழுக்க மஞ்சள்.

இன்னொன்று. என் மச்சான் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த உளுந்து விதை ஒன்றை வியாபாரி மூலம் வாங்கிப் போட்டார். அங்கே மஞ்சள் நோய்க்கு நன்றாக நிற்கிற ரகமாம். இங்கே பாதிக்கு மேல் போய்விட்டது. விதை போலியா? அல்லது ஊர் மாறினால் எதிர்ப்பு மாறுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வருகிற தைக்கு விதை எடுக்க வேண்டும்.

தாளடித் தம்பி:
அண்ணா, ரகத்தை எல்லாம் நம்பி உட்கார முடியாது. எங்கள் பக்கம் ஒரத்தநாட்டில் இருபதாம் நாள் ஒரு கலவை மருந்து, முப்பத்தைந்தாம் நாள் இன்னொரு தடவை. கடைக்காரரே கலந்து தருகிறார். ஈ சுத்தமாகக் கொட்டிவிடுகிறது.

இலையடி:
கோரையாறு அண்ணன் கேட்டதில்தான் இந்த விஷயத்தின் மையமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது பூச்சியியல், வேலை பார்த்தது பெரும்பாலும் பயறு வயலில்.

"வெள்ளை ஈ எதிர்ப்பு" என்ற ஒரே பெயரில் கடையில் மூன்று வேறு வேறு சரக்கு விற்கிறார்கள். ஈக்குப் பிடிக்காத செடி ஒன்று உண்டு. ஈ வரும், ஆனால் முட்டையிடாமல் போய்விடும். அடுத்தது, ஈ உட்கார்ந்து முட்டையும் இடும், ஆனால் குஞ்சு அந்தச் சாற்றைக் குடித்துச் சரியாக வளராது, பாதி செத்துவிடும். இந்த இரண்டும்தான் உண்மையில் ஈ எதிர்ப்பு. மூன்றாவது, ஈ சுகமாகக் குடித்துப் பெருகும், ஆனால் அது எச்சிலோடு இறக்குகிற வைரஸ் செடிக்குள் பெருக முடியாது. இது நோய் எதிர்ப்பு. உங்கள் வயலில் நின்றது மூன்றாவது வகை. அதனால்தான் இலையடியில் ஈ, மேலே பச்சை. கடைக்காரர் பொய் சொன்னார் என்று கூட நான் சொல்ல மாட்டேன், அவருக்குச் சொல்லப்பட்டதை அப்படியே சொல்லியிருப்பார். ஆனால் இந்த வித்தியாசம் தெரியாமல் விதை வாங்கினால் ஒரு வருடம் இல்லாவிட்டால் ஒரு வருடம் அடி விழும்.

ஏன் நம் ரகங்கள் எல்லாம் மூன்றாவது வகையாகவே இருக்கின்றன? தேர்வு செய்கிற முறையைப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கும் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம், மஞ்சள் தேமல் நோய்க்குப் பெயர் போன இடம். அங்கே வயலில் சோதனை வரிசைகளுக்கு நடுநடுவே கோ 5 போன்ற, நோய்க்குச் சுலபமாக விழுகிற ரகத்தை வேண்டுமென்றே விதைப்பார்கள். மருந்து அடிக்க மாட்டார்கள். கோ 5 மஞ்சளாகும், அதில் குடித்த ஈக்கள் பக்கத்து வரிசைக்குத் தாவும். அதிலும் பச்சையாக நிற்கிற செடிக்கு மதிப்பெண் போடுவார்கள், 1 முதல் 9 வரை. 1 என்றால் சுத்தம், 9 என்றால் முழு மஞ்சள். இந்த மதிப்பெண்ணில் பார்ப்பது மஞ்சளை மட்டும்தான். எத்தனை ஈ உட்கார்ந்தது, எத்தனை குஞ்சு பொரிந்தது என்பது அந்த எண்ணுக்குள் வராது. ஈ அதிகம் வந்தும் பச்சையாக நின்ற செடியும், ஈயே வராததால் பச்சையாக நின்ற செடியும் ஒரே மதிப்பெண் வாங்கும். வம்பன் 8, 10, 11 எல்லாம் இப்படி நோயை வைத்துப் பார்த்து வந்த ரகங்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. உளுந்தில் விளைச்சலைக் கொல்வது ஈ குடிக்கிற சாறு அல்ல, அது விட்டுப்போகிற வைரஸ்தான்.

மச்சானின் விதைக்கு வருகிறேன். போலி என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். இந்தியாவில் பயறுகளின் மஞ்சள் நோய்க்குக் காரணமான வைரஸ்களில் முக்கியமானவை இரண்டு. வடக்கு, மத்திய, கிழக்குப் பகுதிகளில் அதிகம் இருப்பது ஒன்று. தெற்கிலும் மேற்கிலும் அதிகம் இருப்பது மற்றொன்று. இரண்டும் உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. வடக்கத்தி வைரஸுக்கு எதிராகத் தேர்ந்தெடுத்த ரகம் வம்பன் மண்ணில் நின்றாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மாற்றிச் சொன்னாலும் அப்படியே. இந்த நோயை 1955இல் முதலில் கண்டது டெல்லியில், பாசிப்பயறில். நம் ஊரில் இருப்பது அதன் தெற்கத்திப் பங்காளி.

இதற்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வைரஸுக்கு மரபுப் பொருள் இரண்டு துண்டாக இருக்கும். வம்பன் பக்கத்து உளுந்திலிருந்து எடுத்த வைரஸை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிரித்துப் பார்த்தபோது, முதல் துண்டோடு இரண்டாம் துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை கிடைத்தது. ஒரு வகை உளுந்தைக் கடுமையாகத் தாக்குகிறது, இன்னொன்று பாசிப்பயறைக் கடுமையாகத் தாக்குகிறது. ஒரே வயலில், ஒரே வைரஸில் இவ்வளவு வேறுபாடு என்றால், ஆயிரம் மைல் தள்ளி வந்த விதைக்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே விதை வாங்கும்போது "எதிர்ப்பு ரகமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்கு எதிர்ப்பு, எந்த ஊரில் பார்த்தது, எந்தப் பட்டத்தில் பார்த்தது என்று கேளுங்கள்.

கோரையாறு:
தம்பி, தெளிவாகப் புரிந்தது. ரொம்ப நன்றி. அப்படியானால் என் வயலில் ஈ பெருகியது பக்கத்து வயலுக்கு ஆபத்தா? நான் பச்சையாக இருந்து அவரைக் கெடுக்கிறேனா என்று ஒரு சங்கடம்.

இலையடி:
ஈயின் எண்ணிக்கையில் உங்கள் வயலுக்கும் பங்கு உண்டு. ஆனால் வெறும் ஈ நோய் தராது. நோயுள்ள செடியில் அது பத்து பதினைந்து நிமிடமாவது குடித்திருக்க வேண்டும். பிறகு வைரஸ் அதன் குடல் வழியாக உடம்புக்குள் போய் எச்சில் சுரப்பிக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதற்கு அப்புறம் நாள் கணக்கில் போகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போகும். எதிர்ப்பு ரகத்துக்குள் வைரஸின் அளவு குறைவு. அதில் குடிக்கிற ஈ நோயைச் சுமந்து போகிற வாய்ப்பும் குறைவு. நோய்க் கிடங்காக இருந்தது பக்கத்து மஞ்சள் வயல்தான். அவருக்கும் அடுத்த வருடம் நல்ல விதை கிடைக்க வழி செய்யுங்கள், உங்களுக்கும் நல்லது.

உஜ்ஜைனி வாசி:
சோயா என்று தலைப்பில் பார்த்ததும் உள்ளே வந்தேன். பிழைப்புக்காக மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறேன், சோயா கொள்முதல் வேலை. இங்கே ஜூன் கடைசியில் மழை விழுந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் சோயாதான்.

இலையடி சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். ஜே.எஸ். 95-60 என்று ஒரு ரகம். மூன்று மாதத்துக்குள் அறுத்துவிடலாம், காய் நன்றாகப் பிடிக்கும், கொட்டை பெரிது. மஞ்சள் மொசைக், அதாவது நீங்கள் சொல்கிற மஞ்சள் நோய், வந்தால் முதலில் விழுவதும் அதுதான். 2020இல் ஆகஸ்ட், செப்டம்பரில் மஞ்சள் மொசைக்கும், தண்டைக் குடைகிற தண்டு ஈயும் சேர்ந்து அடித்தபோது, வயல் வயலாகப் பழுத்து நின்றதை நேரில் பார்த்தேன். காயைப் பிதுக்கினால் உள்ளே கொட்டை தட்டையாக, நகக்கண் அளவுக்குக் கூட இல்லை. விவசாயிகள் வயலிலேயே டிராக்டர் விட்டு உழுதார்கள். அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நோயைத் தாங்குகிற ரகங்கள் இல்லாமல் இல்லை. ஜே.எஸ். 97-52, 20-29, 20-69 எல்லாம் உண்டு. இந்தூரில் சோயாவுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஜபல்பூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அப்படியும் ஏன் 95-60ஐ விடவில்லை? சோயா அறுத்த கையோடு பூண்டோ உருளைக்கிழங்கோ வைக்க வேண்டும். பத்து நாள் முந்தினால் அவர்களுக்கு அதில் காசு. எதிர்ப்பு ரகம் பத்து நாள் பிந்தினால், நோய் வராத வருடத்தில் அது நஷ்டக் கணக்கு. "இந்த வருடம் வராது" என்ற நம்பிக்கையில் போடுகிறார்கள். இதை அறியாமை என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். குறுகிய வயதும் எதிர்ப்பும் ஒரே விதையில் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

விதைக்காரி:
உஜ்ஜைனி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. இங்கேயும் அதேதான். டெல்டாவில் அறுவடை இயந்திரம் ஓட்ட வேண்டும், அதனால் காய் ஒரே நேரத்தில் முற்ற வேண்டும். இட்லி மாவுக்குப் பொங்க வேண்டும். நெல் அறுத்த தரிசின் ஈரத்தில், வேறு தண்ணீர் இல்லாமல் எழுபது நாளில் முடிய வேண்டும். இவ்வளவுக்கும் அப்புறம்தான் மஞ்சள் நோய்.

கோரையாறு அண்ணா, நான் ஆலங்குடி பக்கம் விதைப் பண்ணை வைத்திருக்கிறேன். நெல் தரிசுக்கு என்று தனியாகப் பரிந்துரைத்திருப்பது வம்பன் 9. வம்பன் 8 இறவையிலும் மானாவாரியிலும் நன்றாக வரும். உங்களுக்கு 8 தரிசிலேயே வந்திருக்கிறது என்றால் மகிழ்ச்சி, ஆனால் ஈரம் சீக்கிரம் காய்கிற வருடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

இளநீர் பொள்ளாச்சி:
ஒரு சந்தேகம். எங்கள் தென்னையில் 2016லிருந்து வெள்ளை ஈ படாத பாடு படுத்துகிறது. ஓலையெல்லாம் கரி பூசினது போல இருக்கிறது. தோப்புக்கு ஊடே உளுந்து போட நினைக்கிறேன். அந்த ஈ உளுந்துக்கு வந்து மஞ்சள் நோய் கொடுக்குமா?

இலையடி:
கொடுக்காது ஐயா. உங்கள் தென்னையில் இருப்பது சுருள் வெள்ளை ஈ, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பெரிய ஆள். இலையடியில் சுருள் சுருளாக மெழுகு வட்டத்தில் முட்டையிடும். உளுந்து, சோயா, பருத்தி, தக்காளி, மரவள்ளிக்கு வருவது பெமிசியா தபாசி, ஒரு மில்லிமீட்டர்தான். பயறுக்கு மஞ்சள் வைரஸ் கொண்டுவருவது இந்தச் சின்னது.

அந்தப் பெமிசியாவும் ஒரே இனம் அல்ல. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற பல இனங்களின் கூட்டம் அது. 1999இல் கர்நாடகத்தின் கோலாரில் தக்காளியில் வெளிநாட்டு வகை ஒன்று வந்து இறங்கியதைக் கண்டுபிடித்தார்கள். அது வந்த பிறகு தக்காளிக்காரர்கள் பட்ட பாடு தனிக்கதை. மொத்தக் கூட்டத்துக்கும் 600க்கு மேற்பட்ட செடி வகைகள் உணவு. வரப்பில் நிற்கிற துத்தியும் பார்த்தீனியமும் கூட அதற்குச் சாப்பாடுதான். பயறு இல்லாத மாதங்களில் அது பட்டினி கிடப்பதில்லை.

கரிசல்மண்:
விளாத்திகுளம் பக்கம் மானாவாரி. புரட்டாசிப் பட்டம் உளுந்து. நான் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, எங்கள் கரிசலில் இளம் இலை மஞ்சளாகிறது. எல்லோரும் உடனே வைரஸ் என்று மருந்துக்கு ஓடுகிறார்கள். எல்லாமே வைரஸா?

இரண்டு, இலையடி தம்பி சொன்ன முதல் இரண்டு வகை, அதாவது ஈயே பிடிக்காத செடி. அதை ஏன் யாரும் கொண்டுவரவில்லை? ஈயே வராவிட்டால் எந்த வைரஸ் வந்தால் என்ன? அதுதானே நேர் வழி?

இலையடி:
முதல் கேள்விக்குச் சுருக்கமாக. சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் இரும்புச் சத்துக் குறைவால் இளம் இலை மஞ்சளாகும். அப்போது நரம்பு பச்சையாக இருக்கும், நரம்புக்கு இடைப்பட்ட இடம் எல்லாம் ஒரே சீராக வெளிறும், வயலில் திட்டுத் திட்டாகப் பல செடி ஒன்றாகத் தெரியும். வைரஸ் அப்படி வராது. முதலில் கொழுந்து இலையில் அங்கங்கே மஞ்சள் புள்ளி விழும். அடுத்த இலையில் அது திட்டாகும், பச்சைத் திட்டும் மஞ்சள் திட்டும் ஒழுங்கே இல்லாமல் கலந்து கிடக்கும், அதற்கு அடுத்த இலை முழுக்க மஞ்சள். இந்தச் செடிக்குப் பக்கத்துச் செடி சுத்தப் பச்சையாக நிற்கும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் நிழலில் இலையைப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரும்புக் குறைவுக்கு அன்னபேதி உப்புக் கரைசல் தெளித்தால் புது இலை பச்சையாக வரும். வைரஸ் செடிக்கு எதைத் தெளித்தாலும் மாறாது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. இதில் சோயாவை வைத்து உலகத்தில் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

சோயா இலையில் மெல்லிய முடி இருக்கும். ஒரே ரகத்தின் முடியுள்ள செடி, முடியில்லாத செடி, முடி மிக அடர்ந்த செடி மூன்றையும் பக்கத்தில் வைத்து அமெரிக்காவில் ஈயை விட்டார்கள். முடி அடர்ந்த செடியில்தான் முட்டை அதிகம். முடி அதற்கு ஒதுங்க இடம் கொடுக்கிறது. சரி, அப்படியானால் முடியில்லாத சோயாவைக் கொண்டுவந்து விடலாமே என்று தோன்றும். கொண்டுவந்தால் தத்துப்பூச்சி பிடித்துக்கொள்ளும்! முடி இல்லாத சோயாவைத் தத்துப்பூச்சி குடித்தே குட்டையாக்கிவிடும், அங்கே அது பல காலமாகத் தெரிந்த விஷயம். பருத்தியிலும் இதே கதைதான். வழவழப்பான இலை ஈக்குப் பிடிக்காது, ஆனால் தத்துப்பூச்சிக்குத் திறந்த வீடு. ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு திறக்கிறது. முடியின் எண்ணிக்கை மட்டுமல்ல, அது நிமிர்ந்து நிற்கிறதா, படுத்துக் கிடக்கிறதா என்பதும் கணக்கில் வரும். படுத்த முடியுள்ள இலையில் ஈக்குக் காலூன்றவே சிரமம்.

பிரேசிலில் நிலைமை வேறு. அங்கே சோயாவுக்கு நம் மஞ்சள் மொசைக் இல்லை. ஈ நேராகச் சாறு குடிப்பதும், அது கழிக்கும் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படர்வதும், தண்டு கருகச் செய்யும் வேறொரு வைரஸும்தான் தொல்லை. அதனால் ஈக்கே பிடிக்காத சோயாவைத் தேடுவதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். ஐ.ஏ.சி. 17, ஐ.ஏ.சி. 19 போன்ற ரகங்களில் ஈ குறைவாகத் தங்குவதைப் பார்த்தார்கள்.

நமக்கு ஏன் அது மட்டும் போதாது? ஈ ஒரு செடியை ருசி பார்த்துவிட்டுத்தான் "பிடிக்கவில்லை" என்று போகும். அந்த ருசி பார்க்கும் நேரமே வைரஸை இறக்கப் போதும். பிடிக்காத செடியில் தங்காமல் அடுத்த செடி, அடுத்த செடி என்று அலைந்தால், நோய் சுமந்த ஈ இன்னும் நிறையச் செடியைத் தொட்டுவிட்டுப் போகலாம். ஆகவே கரிசல் அண்ணன் சொல்வது நேர் வழியாகத் தெரிந்தாலும் ஈ எதிர்ப்பு தனியாக வந்தால் நமக்குப் பாதிதான் காவல். நோய் எதிர்ப்பு அடிப்படையாக இருக்க, அதன் மேல் ஈ குறைவாகப் பெருகும் குணமும் சேர வேண்டும். அப்போது வயலில் ஈயும் குறைவு, இருக்கிற ஈயாலும் தொல்லை இல்லை. அதோடு நோய் எதிர்ப்பைக் கொடுக்கிற மரபணுவுக்கு எதிராக வைரஸ் மாறிக்கொள்ளும் வாய்ப்பும் குறையும், ஏனென்றால் அதைச் சுமக்கிற ஈ குறைந்துவிட்டது. ஆராய்ச்சி மையங்கள் மஞ்சள் மதிப்பெண்ணோடு ஈயின் எண்ணிக்கையையும் ரக விவரத்தில் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை, என் வாதம். எண்ணுவது கடினமான வேலைதான், நான் எண்ணியிருக்கிறேன். ஆனால் அது செய்ய முடியாத வேலை அல்ல.

உஜ்ஜைனி வாசி:
சோயாவில் நோய் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று இங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். 1970களில் பந்த்நகரில் சோயா வகைகளைப் பெரிய அளவில் வயலில் போட்டுப் பார்த்தபோது, தாங்கியது பி.ஐ. 171443 என்ற வகையும் ஒரு காட்டுச் சோயாவும்தான் என்றார். அத்தனையில் இரண்டே இரண்டு! அதிலிருந்துதான் பி.கே. 416 போன்ற ரகங்கள் வந்தன. இவ்வளவு குறுகிய அடித்தளத்தில் நிற்கிறோம் என்பதைக் கேட்டபோது கவலையாக இருந்தது.

விதைக்காரி:
உளுந்திலும் காட்டு உறவினரைத் தேடிப் போயிருக்கிறார்கள். வம்பன் 7இல் காட்டு உளுந்தின் ரத்தம் உண்டு. நல்ல விஷயம் தான். ஆனால் காட்டு இனத்தைச் சேர்த்தால் காய் வெடிப்பது, கொடியாகப் படர்வது எல்லாம் கூடவே வரும், அதைக் கழிக்கப் பல தலைமுறை ஆகும்.

தாளடித் தம்பி:
எல்லாம் சரி, ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் அடிக்கிற மருந்தில் ஈ கண் முன்னால் கொட்டுகிறது. ரகம் வரும் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

இலையடி:
> கடைக்காரரே கலந்து தருகிறார்

தம்பி, அந்தக் கலவை டப்பாவில் என்ன இருக்கிறது என்று பெயரைப் பாருங்கள். பெயரின் கடைசியில் "மெத்ரின்" என்று வந்தால் அது செயற்கை பைரித்ராய்டு. அதில் ஈ கொட்டும், உண்மை. கூடவே ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடுகிற குட்டிக் குளவிகளும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும், பொறி வண்டும் செத்துவிடும். இலையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டையும் குஞ்சும் பெரும்பாலும் தப்பிவிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈ ஆக மூன்று வாரம் கூட வேண்டாம். எதிரி இல்லாத வயலில் அடுத்த தலைமுறை முன்னைவிடப் பெரிதாக எழும். 1980களின் நடுவில் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் பருத்தி வயல்களில் இதுதான் நடந்தது. பைரித்ராய்டை மாறி மாறி அடித்தார்கள், காய்ப்புழு அடங்கியது, வெள்ளை ஈ வயலையே மூடியது. அந்த விவசாயிகள் கடனில் போனார்கள். உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியிலிருந்து நோய் சுமந்து வரும் ஈ, மருந்து வேலை செய்து சாவதற்குள் சில நிமிடம் குடித்துவிட்டால் போதும். முதல் தொற்றை மருந்தால் முழுக்கத் தடுக்க முடியாது. வயலுக்குள் செடியிலிருந்து செடிக்குப் பரவுவதைத்தான் குறைக்கலாம்.

அதற்கு நேரம்தான் முக்கியம். முதல் மூன்று வாரத்துக்குள் நோய் பிடித்த செடியில் அநேகமாக ஒன்றும் தேறாது. பூத்துக் காய் பிடித்த பிறகு வந்தால் இழப்பு சொற்பம். ஆகவே காவல் வேண்டியது முதல் மூன்று வாரத்துக்கு. விதைக்கும்போதே கிலோவுக்கு 5 மில்லி இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். கலந்து நிழலில் உலர்த்திப் போட்டால் அந்தக் காலத்துக்குச் செடியே மருந்தைச் சுமந்து நிற்கும். வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் முன்னதாகவே ஊன்றி வைத்தால், காற்றோடு தாழப் பறந்து வரும் ஈக்கு அது தடுப்பு. எக்டேருக்கு 12 மஞ்சள் ஒட்டும் அட்டை. முப்பது நாள் வரை மஞ்சள் செடி கண்ணில் பட்டால் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். முப்பதாம் நாள் நொச்சி இலைச் சாறு 10 சதம் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். இவ்வளவையும் விழுந்துவிடுகிற ரகத்தில் செய்தால் பலன் பாதிதான். தாங்குகிற ரகத்தில் செய்தால் பெரும்பாலும் ஒட்டும் அட்டையோடு வேலை முடிந்துவிடும்.

தாளடித் தம்பி:
டப்பாவைப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே மெத்ரின் என்றுதான் முடிகிறது. அடுத்த தடவை அடித்து மூன்று வாரம் கழித்து ஈ கூடுகிறதா என்று ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டுப் பார்க்கிறேன். ஆனால் அண்ணா, தரிசு உளுந்தில் மக்காச்சோள வரப்பு நடக்காத காரியம். நெல் நிற்கும்போதே தெளிக்கிறோம், எங்கே ஊன்றுவது? அட்டை வைத்தால் ஆடு மாடு இழுத்துவிடும்.

கரிசல்மண்:
தம்பி கேட்பது நியாயம். இந்தப் பரிந்துரை எல்லாம் வரிசையில் ஊன்றுகிற எங்கள் மாதிரி ஆட்களுக்குச் சரி. தெளிக்கிற டெல்டாவுக்கு ரகமும் விதை நேர்த்தியும் தவிர வேறு ஆயுதம் இல்லை. அதனால்தான் விதைப் பையில் எழுதியிருப்பது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இலையடி:
ஒத்துக்கொள்கிறேன். டெல்டாவுக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். தை பிந்திவிட்டால் பயிர் மாசி, பங்குனி வெயிலில் மாட்டும், ஈ பெருகுவதும் அப்போதுதான். சம்பா அறுவடை பிந்துகிற வயலில் உளுந்தை வலிந்து தெளிப்பதைவிட எள்ளுக்குப் போவது பல வருடங்களில் லாபமாக இருக்கும். இது என் கருத்து, மாற்றுக் கருத்து இருக்கலாம்.

விதைக்காரி:
எள் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, எள்ளுக்கு விலை கிடைக்காத வருடம் யார் பதில் சொல்வது? அது தனி இழையாகப் பேசலாம்.

கோரையாறு:
எல்லோருக்கும் நன்றி. முடிவு இதுதான். வரும் தையில் ஒரு பாதி வம்பன் 9, ஒரு பாதி வம்பன் 8, இரண்டுக்கும் விதை நேர்த்தி. வடக்கத்தி விதை வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லியாயிற்று. பக்கத்து வயல்காரருக்கும் சேர்த்து விதை எடுக்கிறேன். விதை எங்கே வாங்கினால் கலப்படம் இருக்காது? போன தடவை வாங்கிய பையிலேயே இரண்டு விதமான செடி இருந்தது.

விதைக்காரி:
உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் முன்பதிவு செய்யுங்கள், அல்லது வம்பனுக்கே நேரில் போங்கள். கார்த்திகைக்குள் கேட்டுவிட வேண்டும், மார்கழி கடைசியில் போனால் இருக்காது. பையில் தைத்திருக்கும் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் ஆதார விதை, நீலம் என்றால் சான்று விதை. பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை, அதாவது விற்கிறவர் தன் பொறுப்பில் சொல்வது, சான்றுத் துறை வயலில் வந்து பார்த்தது அல்ல. அதிலும் நல்லது உண்டு, ஆனால் யார் விற்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் ரகத்தின் பெயர், குவியல் எண், காலாவதி நாள் மூன்றும் இருக்கிறதா பாருங்கள், ரசீதில் அதே எண்ணை எழுதி வாங்குங்கள்.

அடுத்த வருடத்துக்குச் சொந்த விதை எடுப்பதாக இருந்தால், வயலின் நடுவில் ஒரு துண்டை ஒதுக்கி, பூக்கிறதற்கு முன்னாலேயே வேற்றுச் செடியையும் மஞ்சள் செடியையும் பிடுங்கிவிடுங்கள். பூவிலும் காயிலும்கூட வேற்றுமை தெரியும், பூக்கும்போதும் காய் முற்றும்போதும் இன்னொரு தடவை பார்த்துக் கலப்பைப் பிடுங்குங்கள். அந்தத் துண்டை இயந்திரத்தில் அறுக்காமல் கையால் அறுத்துத் தனியாகத் தட்டி வையுங்கள்.